கூப்பிட்டால் திரும்புகிறதா குழந்தை?

"பதினஞ்சு மாசம் ஆச்சுக்கா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். மாமியாரைக் கேட்டா, 'உன் புருஷனே மூணு வயசுலதான் பேசினான்'ங்கறாங்க" என்று கண் கலங்கினாள் பக்கத்து வீட்டுப் பெண்.

சகோதரிகளே, இந்தச் சமாதானத்திலேயே எத்தனை குழந்தைகளின் பொன்னான காலம் போய்விடுகிறது!

நம் உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கிறது 'காக்ளியா'. ஒலியை மின் துடிப்பாக்கி மூளைக்கு அனுப்புபவை அதிலுள்ள நுண்ணிய செல்கள். அவை அடியோடு பழுதானால், சத்தத்தைப் பெரிதாக்கும் காது மெஷின் போதாது. அப்போது கைகொடுப்பதுதான் 'காக்ளியர் இம்ப்ளான்ட்'. காதுக்குப் பின்னால் மாட்டும் மைக் ஒலியை வாங்கும். தோலுக்கடியில் பதித்த கருவி, காக்ளியாவுக்குள் செருகிய மெல்லிய கம்பி வழியாக நரம்பை நேரே தூண்டும்.

அந்தச் சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது? மெல்போர்ன் டாக்டர் கிரேம் கிளார்க், 1977-ல் கடற்கரையில் ஒரு சிறு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்துத்தான் வழி கண்டார். நுனி மெத்தென்றும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுலபமாக உள்ளே போயிற்று! 1978-ல் முதல் அறுவையைச் செய்தார். அவருடைய தகப்பனாரும் காது மந்தமானவர்தான்.

ஆனால் அறுவை முடிந்ததுமே குழந்தை 'அம்மா' என்று கூப்பிட்டுவிடாது. சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். கேட்பது இன்ன ஒலி என்று மூளை பழக வேண்டும். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு அந்தப் பழக்கம் முதல் சில வயதுக்குள்தான் நன்றாகப் படியும். பிறகு பேச்சுப் பயிற்சி. வீட்டில் அதை நடத்த வேண்டியவர்கள் நாம்தான். சாதம் பிசையும்போதும் தலை வாரும்போதும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, சந்தேகமானால் மூன்று மாதத்துக்குள் 'பெரா' பரிசோதனை என்பது கணக்கு. தூங்கும் குழந்தைக்கே செய்யலாம், வலி கிடையாது. செலவை நினைத்து மலைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவைக்கு வழி உண்டு. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கைதட்டினால் திரும்புகிறதே என்றும் அசட்டையாக இராதீர்கள். பேச்சு தாமதமானால் காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் மறுநாளே கிளம்பிவிட்டாள். கூடவே போனது யார் தெரியுமா? அந்த மாமியார்தான்!