தேன்கூடு மலைகளைப் பார்க்கப் பறந்து போகிறார்கள்!

ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான தேன்கூடுகளைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆரஞ்சும் கறுப்புமாக வரிவரியாகக் கோடுகள்.

இவை தேன்கூடுகள் அல்ல, மலைகள்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், மனித நடமாட்டம் குறைந்த வறண்ட பிரதேசத்தில் இவை இருக்கின்றன. இந்த இடத்தின் பெயர் பூர்ணுலுலு. "பங்கிள் பங்கிள்" என்றும் சொல்வார்கள். சில குன்றுகள் தரையிலிருந்து 250 மீட்டர் உயரம் எழும்பி நிற்கின்றன.

எப்படி உண்டாயின?

சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகிக் கல்லாயிற்று. பிறகு சுமார் 2 கோடி ஆண்டுகளாக மழையும் காற்றும் அந்தக் கல்லைச் செதுக்கின.

கறுப்புக் கோடு எப்படி வந்தது? ஈரம் தங்கும் அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படர்ந்து வாழ்கின்றன. அந்த நிறமே கறுப்பு. ஈரம் தங்காத அடுக்குகளில் இரும்புத் துரு படிந்திருக்கிறது. அது ஆரஞ்சு.

இந்த மேல்தோல் மிகவும் மெல்லியது. அதற்கு உள்ளே இருப்பது எளிதில் உதிரும் வெள்ளை மணற்கல். தோல் உடைந்தால் மலையே கரையத் தொடங்கும். எனவே குன்றுகளின்மேல் ஏறக் கூடாது என்று தடை இருக்கிறது.

கேமரா காட்டிய மலை

1983-ம் ஆண்டு ஒரு டெலிவிஷன் குழுவினர் விமானத்தில் பறந்து இந்த மலைகளைப் படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியுலகம் இதை அறிந்தது.

1987-ல் இது தேசியப் பூங்கா ஆயிற்று. 2003-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பூங்காவின் பரப்பு சுமார் 6 லட்சம் ஏக்கர்!

ஆனால் கிஜா, ஜாரு என்னும் ஆதிகுடி மக்களுக்கு இது புதிய இடம் அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்து வருகிறார்கள். முன்னோர் தீட்டிய பாறை ஓவியங்களும், முன்னோரைப் புதைத்த இடங்களும் அங்கே உள்ளன.

ஹெலிகாப்டர் ஏன்?

நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்கு 53 கிலோமீட்டர் மண்பாதை. மேடும் பள்ளமும் ஓடைகளும் நிறைந்தது. சாதாரணக் கார் போக முடியாது. நாலு சக்கரங்களும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள்.

எனவே பலர் ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். சில ஹெலிகாப்டர்களுக்குக் கதவுகூட இல்லை! இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கலாம்.

நன்மையா, தீமையா?

நன்மை உண்டு. மேலே பறப்பவர் பாறையை மிதிப்பதில்லை. மெல்லிய தோலுக்குச் சேதம் இல்லை. நடக்க முடியாத முதியவரும் பார்த்து மகிழலாம்.

தீமையும் உண்டு. அமைதி குலைகிறது. எரிபொருள் செலவாகிறது. கட்டணமோ அதிகம், ஏழைக் குடும்பத்துக்கு எட்டாது. இன்னொன்றும் இருக்கிறது. சில நிமிஷம் வட்டமடித்துத் திரும்புகிறவர் கல்லைப் பார்க்கிறார். அந்த மண்ணின் மக்களைப் பார்ப்பதில்லை.

இரண்டு பாடங்கள்

ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு என்ற பெரும்பாறை இருக்கிறது. உயரம் 348 மீட்டர். ஆனாங்கு மக்களுக்கு அது புனிதமானது. "ஏறாதீர்கள்" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரயாணிகளோ ஏறிக்கொண்டே இருந்தார்கள். 1985-ல் நிலம் ஆனாங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. ஆனாலும் ஏறுவது நின்றது 2019 அக்டோபர் 26-ந் தேதிதான். இடையே 34 ஆண்டுகள் ஓடிவிட்டன!

அடுத்த ஆண்டே வேறொரு துயரம். 2020 மே மாதத்தில், பூர்ணுலுலு இருக்கும் அதே மாநிலத்தில், ஜூக்கன் பள்ளத்தாக்குக் குகைகளை ஒரு சுரங்கக் கம்பெனி வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய இடம் அது. இரும்புத் தாதுக்காக அழிந்தது. அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது! உலகமெங்கும் கண்டனம் எழுந்த பிறகே மன்னிப்புக் கேட்டார்கள்.

இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றுதான். மண்ணுக்கு உரியவர்கள் சொன்னதை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை.

யார் சொல்ல வேண்டும்?

பூர்ணுலுலு மலை புகழ் பெற்றதற்கு ஆகாயப் பிரயாணமே காரணம். அந்தப் புகழ்தான் பூங்காவையும் பாதுகாப்பையும் கொண்டுவந்தது. ஆகவே ஹெலிகாப்டரை விரட்டிவிட வேண்டும் என்பது சரியல்ல.

எந்த வழியில் பறக்கலாம், எங்கே இறங்கக் கூடாது, வரும் பணத்தில் யாருக்குப் பங்கு என்பவைதான் கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லும் இடத்தில் கிஜா, ஜாரு மக்களும் உட்கார வேண்டும்.

விருந்துக்குப் போகிறவர் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் உள்ளே நுழைவார். வாசல் வழியாக வந்தாலும் சரி, வானத்து வழியாக வந்தாலும் சரி, அந்த மரியாதை ஒன்றுதான்.