பாட்டத்து நிலத்தில் பத்து மாதம்



களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா நம் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எல்லைக்கு இரண்டு புறமும் விளைகளில் நிற்பதென்னவோ அதே ஏத்தன் (நேந்திரன்) வாழையும் மரச்சீனிக் கிழங்கும்தான். அந்த எல்லைக் கிராமங்களில் முப்பது சென்ட், ஐம்பது சென்ட் வைத்திருப்பவர்கள் பிழைக்கும் வழியைப் பற்றித்தான் இந்த மாதம் பேச நினைக்கிறேன்.

அவர்களுக்கு இரண்டு வருமானம். ஒன்று தொழுவத்தில் இருந்து வருவது. சங்கத்தில் பாலை அளந்தால் கொழுப்பு பார்த்து விலை போடுவார்கள். வீட்டுச் செலவு அதில் ஓடும். இன்னொன்று ஓணக் காசு. ஐப்பசி வாக்கில் நட்ட ஏத்தன் பத்து, பதினோரு மாதத்தில் ஓணச் சந்தைக்குக் குலை தள்ளி முற்றி நிற்கும். இந்த இரண்டையும் தனித்தனித் தொழிலாகப் பார்ப்பவர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏத்தனுக்கு நடும்போதே மூட்டுக்குப் பத்து கிலோ தொழுவுரம் போட வேண்டும் என்பது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு ஆயிரம் மூடு என்றால் முப்பது சென்டுக்கு முந்நூறு மூடு, மூன்று டன் உரம். ஒரு கறவை மாடு நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணம் போடும். மக்கினால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, இரண்டு மாடு இருந்தால் முப்பது சென்டுக்கு உரம் விலைக்கு வாங்க வேண்டாம்.

மூன்றாவது மாடு? அங்கேதான் தடுக்க ஆசைப்படுகிறேன். மாட்டுக்குக் கடன் கொடுப்பவர்கள் புல்லுக்கு இடம் இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. விலைக்கு வாங்கும் தீவனம் பால் காசைத் தின்றுவிடும். வாழைத் தோட்டத்து வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கம்பு நேப்பியர் நட்டவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-3 ரகம் அங்கே நன்றாகவே பரவியிருக்கிறது. இடமே இல்லாதவர்களுக்கு ஆடு. பாறசாலையிலேயே அரசு ஆட்டுப் பண்ணை உண்டு. மலபாரி ஆடு இரட்டைக் குட்டி போடும், பிலா இலையைத் தின்றே வளரும். மரச்சீனி இலையை மட்டும் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது.

இவர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை பாட்டம், அதாவது குத்தகை. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் புதிதாகக் குத்தகைக்கு விட இடமில்லை. ஆனால் வாழை போடுபவர்களில் பலர் வாய்ப்பேச்சுப் பாட்டக்காரர்கள். காகிதம் இல்லாதவருக்கு வங்கி எப்படிக் கடன் கொடுக்கும்? 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உதவியோடு தொடங்கிய கேரளத் தோட்டக்கலைத் திட்டம் அவர்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் வாங்கித் தந்தது. 2001-இல் அது காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சிலாக மாறியது. விவசாயிகளே நடத்தும் விற்பனை மையங்களும் அந்த வழியில் வந்தவைதான். 2020 நவம்பரில் கேரள அரசு பதினாறு பயிர்களுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஏத்தனுக்குக் கிலோ 30 ரூபாய். உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் வைத்துப் போட்ட விலை. நம் பக்கத்து ஏத்தன்காரர்களுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமைதான்.

தண்ணீர் விஷயத்திலும் பொறாமை உண்டு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டுக்கும் சேர்த்துத்தான் வெட்டப்பட்டது. 2004-க்குப் பிறகு நமக்குத் தண்ணீர் வரவில்லை. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. தை முதல் சித்திரை வரை வாழைக்கு நீர் தேவைப்படும் நாளில் இந்தப் பக்கம் கிணறுதான் கதி.

அடுத்த இதழில் தீவனச் செலவைப் பற்றி விரிவாக எழுதப் போகிறோம். உங்கள் மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது, புண்ணாக்குக்கும் புல்லுக்கும் எவ்வளவு ஆகிறது, சங்கத்தில் என்ன விலை கிடைக்கிறது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து வாசகர்களும் எழுதலாம். மலையாளத்தில் எழுதினாலும் வாசிக்க இங்கே ஆள் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்