தொண்டை வலிக்கு முதல் மருந்து உப்புநீரே

தொண்டை கரகரத்தவுடன் மருந்துக்கடைக்குச் சென்று நான்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம் கொங்குப் பகுதியில் இன்னும் மறையவில்லை. அவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பதே என் கருத்து.

பெரும்பாலான தொண்டை வலிக்கு வைரஸ்களே காரணம். அவற்றின்மீது ஆன்டிபயாட்டிக் செயல்படாது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வலி தானே தணியும். தேவையின்றி உண்ணும் மாத்திரையோ உடலிலுள்ள பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்குகிறது. உண்மையான தேவை வரும் நாளில் அம்மருந்து கைகொடுக்காமற் போகலாம். 2012ஆம் ஆண்டின் சென்னைப் பிரகடனம் எச்சரித்ததும், மாத்திரை அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்குமாறு மத்திய அரசு 2016இல் அறிவுறுத்தியதும் இதுபற்றியே.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை தொண்டை நனையக் கொப்பளியுங்கள். கஞ்சி, ரசம், மஞ்சளும் மிளகும் இட்ட பால் ஆகியவை இதமளிக்கும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது.

எனினும் வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. மூச்சுத் திணறினாலோ, உமிழ்நீரையும் விழுங்க இயலாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சல் மூன்று நாள் கடந்தால் மருத்துவரைக் காணுங்கள். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைக் கவனியாது விட்டால் இதய வால்வுகள் பழுதாகக்கூடும். அதற்கென மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகளை, வலி நின்றாலும் இடையில் நிறுத்தாதீர்கள்.