ஏப்ரல் மாதத் தீர்ப்பு

அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பனி நீங்கி இளவேனில் தலைகாட்டும் மார்ச்சு மாத இறுதியில் பேஸ்பால் ஆட்டப்பருவம் தொடங்குகின்றது. முதன்மை லீக்குகள் இரண்டிலும் சேர்ந்து முப்பது குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் செப்டம்பர் முடிவிற்குள் 162 ஆட்டங்கள் ஆடுதல் வேண்டும். இத்துணை நெடிய பயணத்திற் பத்தடி நடந்த மாத்திரத்திலேயே, ஊர் போய்ச் சேர்வோமா மாட்டோமா என்று வழக்காடத் தொடங்கிவிடுகின்றனர் அந்நாட்டு ரசிகர். அலுவலகத்திலும் உணவுச்சாலையிலும் இரயில்வண்டியிலும் அதே பேச்சு. நியூயார்க் நகரில் 1987-ஆம் ஆண்டில் இரவும் பகலும் விளையாட்டைப் பற்றியே பேசுதற்கென ஒரு வானொலி நிலையம் ஏற்பட்டது. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தத்தம் குழுவின் மட்டையாளரைப் புகழ்தலும் பழித்தலும் அங்கு நாடோறும் நடைபெறும் காரியங்கள். இன்னார் முடிந்துவிட்டார், அவரை வேறு குழுவிற்குத் தள்ளிவிடுக என்பார் ஒருவர். பத்து நாளில் என்ன தெரியும், பொறுத்திருங்கள் என்பார் மற்றொருவர்.

கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடும் நமக்கு இவ்வழக்கால் ஆவதென்னை என்று வினவுதல் கூடும். மனிதரை எத்தனை நாட் கண்டு எடைபோடலாம் என்னும் வினாவை எண்ணைக் கொண்டே ஆராய இடந்தரும் வழக்கு இதனைப்போல் வேறொன்று எனக்குத் தென்படவில்லை. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

என் கருத்து இது. இவ்வழக்கில் இரண்டு வினாக்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. இம்மட்டையாளர் வல்லவரா என்பது ஒன்று. இக்குழு மேலே வருமா என்பது மற்றொன்று. முன்னதற்கு ஏப்ரல் மாதம் நம்பத்தக்க சாட்சியன்று. பின்னதற்கோ ஏப்ரல் மாதத்துத் தோல்வி ஒவ்வொன்றும் பேரேட்டில் ஏறிவிட்ட கடன். ரசிகருட் பெரும்பாலார் இதனைத் தலைகீழாகக் கொள்கின்றனர். மட்டையாளரிடம் பொறுமையை இழக்கின்றனர். குழுவின் தோல்விக்கு மட்டும் நாட்கள் பல உள என்று தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர்.

ஆட்டத்தை அறியாதார்க்காகச் சிறிது விளக்குதல் வேண்டும். கிரிக்கெட்டிற் சராசரியாவது, எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வருவது. பேஸ்பாலில் அவ்வாறன்று. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு ஓடித் தளத்தைப் பத்திரமாகச் சேர்வாராயின் அஃது ஒரு ஹிட். ஹிட்டுகளின் தொகையை அவர் மட்டை பிடித்த முறைகளின் தொகையால் வகுத்து மூன்று தசம தானம் வரை எழுதுவர். பந்தெறிபவர் அடித்தற்குரிய பந்து தாராமையால் நடந்தே முதல் தளஞ் செல்லும் தடவைகள் இக்கணக்கிற் சேரா. சராசரி .300 உடையவர் நல்ல மட்டையாளர். அதாவது, பத்துக்கு ஏழு முறை தோற்பவரே இவ்வாட்டத்திற் சிறந்தவர்! 1941-ஆம் ஆண்டிற் பாஸ்டன் குழுவைச் சேர்ந்த டெட் வில்லியம்ஸ் .406 பெற்றார். அமெரிக்க லீக், தேசிய லீக் என்னும் இரண்டிலும் அதற்குப்பின் ஒருவரேனும் பருவம் முழுமைக்கும் .400-ஐ எட்டினாரில்லை.

முழுப் பருவத்தில் ஒருவருக்கு 500 முதல் 600 வரை முறைகள் கிடைக்கும். முதலிரண்டு வாரத்தில் ஏறக்குறைய 50 தாம். .300 என்னும் தகுதி உண்மையாகவே வாய்ந்த ஒருவர் அந்த 50 முறையில் 15 ஹிட் பெறுதல் வேண்டும். 12 பெற்றாராயின் கணக்கு .240, ஒழிந்தார் என்பர். 18 பெற்றாராயின் .360, இவரன்றோ வீரர் என்பர். இவ்விரு தீர்ப்புக்கும் இடையில் நிற்பவை ஆறே ஆறு பந்துகள். ஒன்றை எதிர்க்காற்றுத் தடுத்திருக்கும். ஒன்று நன்றாய் அடிபட்டும் நேரே ஒருவர் கையில் விழுந்திருக்கும். ஒன்று மட்டையின் விளிம்பிற் பட்டு, ஆளில்லாத இடத்தில் இரக்கத்தால் வீழ்ந்ததுபோல் வீழ்ந்திருக்கும். தற்செயல் ஒன்றினாலேயே இத்துணை வேற்றுமை எளிதில் நேரும் என்பதைக் கணித வகுப்பு நண்பர்கள் ஒரு தாளிற் போட்டுக் காட்டுவார்கள்.

இதனை விடுதியிற் கூறியபோது நண்பர் ஒருவர், 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழியை எடுத்து வீசினார். பழமொழி மெய்யே, ஆனால் அது சோற்றைப் பற்றியது. பானையிலுள்ள அரிசி முழுதும் ஒரே உலையில் ஒரே தீயில் வெந்தது. ஆதலின் ஒன்று வெந்திருப்பின் மற்றவையும் வெந்திருக்கும். மட்டையாளருடைய முறைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வோர் உலை. இன்று வலக்கையால் எறிபவர், நாளை இடக்கையால் எறிபவர். சிகாகோவில் விரல் மரத்துப்போகும் குளிர், டெக்ஸஸில் வெயில். ஒருநாள் உடல்நலம், ஒருநாள் முதுகுநோவு. ஐந்நூறு பானைகளிலிருந்து ஐம்பதை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் பந்தி பரிமாறலாமோ?

ஏட்டில் உள்ள சான்றுகளுக்கு வருவோம். அடித்த பந்து வேலியைக் கடந்து வீழின் அதனை ஹோம் ரன் என்பர். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் தரும் அடியை ஒத்தது. 2006-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் குழுவின் கிரிஸ் ஷெல்டன் முதற் பதின்மூன்று ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். ஏப்ரல் முடிவிற் கணக்குப் பத்து. நகரமே அவரைக் கொண்டாடிற்று. எஞ்சிய மாதங்களில் அவர் அடித்தவை ஆறே. ஜூலை முடிவிற் கீழ்நிலைக் குழுவிற்கு அனுப்பப்பட்டார். அவருடைய குழு அவ்வாண்டு உலகத் தொடரில் ஆடியபோது அவர் அதில் இடம் பெறவில்லை.

இன்னும் வியப்புடையது டஃபி ரோட்ஸ் என்பவர் கதை. 1994 ஏப்ரல் 4-ஆம் நாள், பருவத்தின் முதலாட்டத்திலேயே, சிகாகோவில் டுவைட் கூடன் என்னும் பெயர் பெற்ற பந்தெறிபவரை எதிர்த்து அவர் மூன்று ஹோம் ரன் அடித்தார். ஆட்டத்திற் சிகாகோ தோற்றதைப் பொருட்படுத்துவாரிலர். புதிய தலைவர் பிறந்துவிட்டாரென்றே பேசினர். அவ்வாண்டு முழுதும் அவர் அடித்தவை எட்டு. முதன்மை லீக்குகளில் அவர் வாழ்நாட் கணக்கே பதின்மூன்றுதான். அப்போது ரசிகர் வேறொரு தீர்ப்பு எழுதினர்: ஒருநாட் கூத்து என்று. அத்தீர்ப்பும் நிற்கவில்லை! அவர் 1996-இல் ஜப்பானுக்குச் சென்றார். 2001-ஆம் ஆண்டில் 55 ஹோம் ரன் அடித்து, சடஹாரு ஓ என்பார் 1964-இல் நாட்டிய எல்லையைத் தொட்டார். அந்நாட்டில் மொத்தம் 464 அடித்தார்.

புகழ்ச்சி பிழைத்தால் ரசிகருக்கு ஏமாற்றம் அன்றி வேறு தீங்கில்லை. இகழ்ச்சி பிழைத்தால் அதனைச் சுமப்பவர் வேறொருவர். 2024-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் குழுவின் தலைவர் ஆரன் ஜட்ஜ் ஏப்ரல் முடிவில் .210-ஐயும் எட்டாது நின்றார். இரண்டாண்டு முன்னர் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்க லீக்கிற்குப் புதிய எல்லை வகுத்தவர் அவரே. எனினும் சொந்த மைதானத்து மக்களே அவரை நோக்கி ஊளையிட்டனர். அப்பருவம் முடிந்தபோது அவர் சராசரி .322, ஹோம் ரன் 58, அமெரிக்க லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதும் அவருக்கே. பணங்கொடுத்து வந்தவன் இகழவும் உரிமையுடையவன் என்பாரும் உளர். உரிமை இருக்கலாம், நுழைவுச் சீட்டோடு நினைவாற்றலும் சேர்த்து விற்கப்படாமைதான் குறை.

ஜட்ஜ் போன்றார்க்கு ஊளையால் இழப்பொன்றுமில்லை. ஆனால் இருபது முறைகளைக் கொண்டு தீர்ப்பளித்திருந்தால் ஓர் இனத்தார்க்கே கதவு அடைபட்டிருக்கக் கூடிய காலமும் ஒன்றிருந்தது. முதன்மை லீக்குகளிற் கறுப்பினத்தார் ஆடலாகாது என்னும் எழுதாச் சட்டம் அறுபதாண்டுக்கு மேலாக நிலவி வந்தது. புரூக்ளின் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அதனை உடைக்கத் துணிந்து ஜாக்கி ராபின்சனைச் சேர்த்தார். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் முதன்முதலாகக் களமிறங்கினார். அன்று ஒரு ஹிட்டும் கிடைக்கவில்லை. அதே மாத இறுதியில் தொடர்ந்து இருபது முறை வெறுங்கையோடு திரும்பினார். பிலடெல்பியா குழுவினர் தம் இருக்கையிலிருந்தே அவர் பிறப்பைச் சுட்டி வசைமாரி பொழிந்த நாட்களும் அவையே. இவ்வினத்தார்க்கு இவ்வாட்டம் கைவராது என்று முன்னரே முடிவு கட்டியிருந்தோர்க்கு அவ்விருபது முறை எத்துணை இனிய சான்றாக இருந்திருக்கும்! மானேஜர் பர்ட் ஷாட்டன் அவரை நீக்கினாரில்லை. ராபின்சன் அப்பருவத்தை .297 என முடித்து, தேசிய லீக்கில் எவரினும் மிகுதியாக 29 தளங்களைத் திருடி, அவ்வாண்டின் சிறந்த புதியவர் என்னும் விருதைப் பெற்றார். 1949-இல் .342 என்னும் கணக்கோடு தேசிய லீக்கின் மட்டையாளர் அனைவருக்கும் முதல்வரானார்.

அதே 1947 ஜூலையில் அமெரிக்க லீக்கின் முதற் கறுப்பின ஆட்டக்காரராகக் கிளீவ்லாந்து குழுவிற் சேர்ந்த லாரி டோபி அவ்வாண்டில் 32 முறை மட்டை பிடித்துப் பெற்றவை ஐந்தே ஹிட், சராசரி.156. மறு ஆண்டு அவர் .301 பெற்றார், கிளீவ்லாந்து குழு உலகத் தொடரை வென்றது. இங்கே பொறுமை என்பது வெறும் நற்குணமன்று, சரியான கணக்கு.

அங்ஙனமாயின் ஏப்ரலில் எவரையும் குறைகூறலாகாதோ எனின், அவ்வாறு யான் கூறவில்லை. முன்னாண்டுச் சான்று உடனிருக்குமாயின் வழக்கு வேறு. பால்டிமோர் குழுவின் கிரிஸ் டேவிஸ் 2018-இலும் 2019-இலுமாகத் தொடர்ந்து 54 முறை ஹிட் இன்றி நின்றார். பந்தெறிபவர் நீங்கலாக, இதுவரை எவரும் அத்துணை நீளம் சென்றதில்லை. 2019 ஏப்ரலில் அவருடைய காலம் முடிந்ததென்றோர் கூற்றுப் பிழையன்று. ஆயினும் அதனை மெய்யாக்கியது அந்த ஏப்ரலன்று. 2018-இல் 470 முறையில் அவர் பெற்ற.168 என்னும் சராசரியே. மேலும், பந்தைத் தொடாமலே மூன்று தடவை தவறி வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட் போன்றவை சராசரியைவிட விரைவில் ஒருவருடைய நிலையைக் காட்டும். அடித்த பந்து எங்கே விழுந்தது என்பதிற் காற்றிற்கும் பங்குண்டு, பந்தைத் தொட்டாரா என்பதில் இல்லை. ஏப்ரலில் வாதிட விரும்பும் ரசிகர் இதனை வைத்து வாதிடலாம், பயனுண்டு.

இனிக் குழுவைப் பற்றி. நாட்கள் பல உள என்பார் 2019-ஆம் ஆண்டின் வாஷிங்டன் குழுவை மேற்கோள் காட்டுவர். முதல் 50 ஆட்டத்தில் 19 மட்டும் வென்ற அக்குழு இறுதியில் உலகத் தொடரையே வென்றது. உண்மை. ஆனால் அதற்காக எஞ்சிய 112 ஆட்டத்தில் 74 வெல்ல வேண்டியிருந்ததை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய ஓட்டம் ஒரு தலைமுறையில் எத்தனை குழுவிற்கு வாய்க்கும்? 1988-இற் பால்டிமோர் குழு முதல் 21 ஆட்டங்களையும் அடுத்தடுத்துத் தோற்றது. அதற்கும் நாட்கள் இருந்தன. பருவ முடிவில் 107 தோல்வியாயிற்று.

2011-ஆம் ஆண்டின் பாஸ்டன் குழுவை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்புண்டாகின்றது. செப்டம்பர்த் தொடக்கத்தில் தம்பா பே குழுவைவிட ஒன்பது ஆட்டம் முன்னே நின்ற அக்குழு, அம்மாதத்தில் 27 ஆட்டத்தில் 7 மட்டும் வென்றது. செப்டம்பர் 28-ஆம் நாள், பருவத்தின் கடைசி இரவில், பால்டிமோரிடம் 4-3 எனத் தோற்றது. அன்றிரவே தம்பா பே நியூயார்க்கை 8-7 என வென்று முன்னேறிவிட்டது. பாஸ்டனுக்கு 90 வெற்றி, தம்பா பேக்கு 91. நகரம் கொதித்தது. இரண்டு நாளில் மானேஜர் டெரி பிராங்கோனா பதவியை விட்டு விலகினார். செப்டம்பரைப் பற்றிப் பேசாதார் இல்லை. ஆனால் அக்குழு அப்பருவத்தைத் தொடங்கியது எவ்வாறு? டெக்ஸஸிலும் கிளீவ்லாந்திலும் முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்றது; முதற் பன்னிரண்டிற் பத்தைத் தோற்றது. அப்போது, இப்பொழுதுதானே ஏப்ரல் என்றனர். அந்தப் பத்தில் ஒன்றை, கிளீவ்லாந்தில் ஒரு குளிர்ந்த பிற்பகலில் எவரும் நினைவு வைத்திராத ஓர் ஆட்டத்தை, வென்றிருப்பின் பாஸ்டனும் 91 பெற்றுச் சமநிலையில் நின்று, தம்பா பேயோடு மேலும் ஓர் ஆட்டம் ஆடும் உரிமை பெற்றிருக்கும்.