தொய்வும் நெஞ்செரிவும்

பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுக்கடமை பார்ப்பவர்களுக்கு இராச்சாப்பாடு பதினொரு மணிக்குப் பிந்தியதே. பக்கங்கள் அச்சுக்குப் போனபின் உறைப்பான கொத்துரொட்டியும் வெறுந்தேநீரும். வீடு வந்ததும் படுக்கை. நானும் நெடுங்காலம் அப்படித்தான் வாழ்ந்தேன். நாற்பத்தைந்து வயதின் பின்னர், இரவு இரண்டு மணிக்கு இருமலும் இழுப்புமாக விழித்தெழுவது வழக்கமாயிற்று. ஆஸ்துமா, எங்கள் பக்கத்தில் தொய்வு. பழைய பத்திரிகைக் கட்டுகளின் தூசிதான் காரணமென்று நானே தீர்ப்பெழுதி அவற்றை அகற்றினேன். கட்டுகள் போயின, தொய்வு போகவில்லை.

"இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று முதன்முதலில் கேட்டவர் நான் கண்ட நான்காவது வைத்தியர். அது புதிய கேள்வியன்று. வயிறுமுட்ட உண்பது தொய்வைக் கிளப்பும் என்று வில்லியம் ஒஸ்லர் நூறாண்டுக்கு முன்பே தமது மருத்துவ நூலில் குறித்திருக்கிறார்.

இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயில் மேலேறும்போது அங்குள்ள நரம்புகள் தூண்டப்பட்டு மூச்சுக்குழல்கள் சுருங்கலாம். அமிலத்தின் நுண்துளிகள் சுவாசப்பாதைக்குள் இறங்கவுங்கூடும். மறுபுறம், இருமல் வயிற்றை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுகிறது. தொய்வுக்குக் கொடுக்கப்படும் தியோபிலின் மாத்திரையோ, அமிலத்தைத் தடுத்துநிற்கும் தசைவளையத்தைத் தளர்த்தக்கூடியது. எது முந்தியது என்று வைத்தியராலும் எளிதில் சொல்லமுடிவதில்லை.

இதைக் கேள்விப்பட்டதும் நம்மவர் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். 'எல்லாம் காஸ்' என்று இன்ஹேலரை வீசிவிட்டு, ஒமெப்பிரசோலைத் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தொய்வு கட்டுப்படாத, ஆனால் நெஞ்செரிவு அதிகமில்லாத 412 பேரில் ஒரு சாராருக்கு எசொமெப்பிரசோலும் ஏனையோருக்கு வெற்றுமாத்திரையும் 24 வாரங்கள் கொடுக்கப்பட்டன. தொய்வில் வேறுபாடு தென்படவில்லை. நெஞ்செரிவு உள்ளவருக்கு அம்மருந்து தேவைப்படலாம். அது ஸ்டீரொய்ட் இன்ஹேலருக்கு மாற்றாகாது. நெஞ்சுவலி கைக்கும் தாடைக்கும் பரவினால் அதையும் காஸ் என்று கருதி வீட்டிலிருப்பது பெரும் பிழை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

குறிப்பெடுப்பது செய்தியாளனுக்குத் தெரிந்த தொழில். மூன்று வாரங்கள் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன்: உண்டது, உண்ட நேரம், படுத்த நேரம், இருமிய நேரம், நுளம்புச்சுருள் கொளுத்திய இரவுகள், முழங்கால் நோவுக்குப் போட்ட மாத்திரை. பிந்தி உண்ட இரவுகளிற் பெரும்பாலானவற்றில் விழித்திருந்தேன். சுருட்புகை இரவுகளும் அவ்வாறே. மிளகாய்மீது கொண்டிருந்த சந்தேகம் மெய்ப்படவில்லை, மீன்குழம்பு தப்பியது. கொப்பியைப் புரட்டிய வைத்தியர் டைக்குளோபெனக்கை நிறுத்தினார். அஸ்பிரினும் அதன் இனத்து நோவு மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்குவதோடு, தொய்வுக்காரர் சிலரின் மூச்சையும் அடைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இதயநோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தக்கூடாது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு வேலை முடித்து, நடுச்சாமத்தில் சோறுண்டு உடனே உறங்கும் உறவுகளுக்கும் சொல்கிறேன்: இருமல் வந்தால் குளிரையும் கம்பளத்தையும் மட்டும் குற்றஞ்சாட்டாதீர்கள். எழுதிப் பாருங்கள், எழுதியதை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். நான் இப்போது ஏழரைக்கு உண்டு பத்தரைக்குப் படுக்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் ஆறங்குல மரக்கட்டைகள். காலையும் மாலையும் இன்ஹேலர். மாதத்தில் ஓரிரு இரவுகள் இன்னமும் விழிப்பதுண்டு. கொப்பி தலையணையருகிலேயே கிடக்கிறது.