நைஸா அரைக்காதே!

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, போன சனிக்கிழமை குபெர்டினோ வீட்டில் அடைக்கு ஊறப்போட்டு, என்னை அரைக்கச் சொன்னார். மிக்ஸியைத் திறந்து மாவைத் தொட்டுப் பார்த்தவர், "ஏன்டி இவ்ளோ நைஸா அரைச்சே? அடைக்குக் கொரகொரன்னு இருக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற என் ஏழு வயது மகளுக்குக் குழப்பம். "பாட்டி, நைஸ்னா நல்லதுதானே?"

நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு தினமும் சொல்வது 'பி நைஸ்'. நம்ம ஊரிலோ அந்த வார்த்தைக்கு வேலை அதிகம். மாவு நைஸ், வழுவழுப்பான துணியும் நைஸ். யாருக்கும் தெரியாமல் நழுவினால் 'நைஸா' கிளம்பிட்டான். குழைந்து காரியம் சாதித்தால் 'நைஸா' பேசி வாங்கிட்டான்.

ஆங்கிலத்திலேயே அது ஒரு நிலையில் நின்றதில்லை. மூலம், 'அறியாத' என்று பொருள்படும் லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'முட்டாள்தனமான' என்று அர்த்தம். பிறகு 'நொட்டை சொல்கிற', 'நுட்பமான' என்றெல்லாம் மாறி, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற பொருள் பரவியது. 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், எதற்கெடுத்தாலும் நைஸ் போடுவதை ஜேன் ஆஸ்டின் ஒரு பாத்திரத்தை விட்டுக் கிண்டலே செய்கிறார்.

என் தொழிலிலும் ஒரு நைஸ் உண்டு. யூனிக்ஸில் அது ஒரு கட்டளை. லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் −20 முதல் 19 வரை ஒரு நைஸ் எண். எண் ஏற ஏற அது நல்ல பிள்ளை: சிபியூவை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, மிச்ச நேரத்தில் தன் வேலையைப் பார்க்கும். தன் எண்ணை யார் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். இறக்கவோ, பொதுவாக ரூட் அதிகாரம் வேண்டும்.

கல்லூரியில் படித்த இந்த விதி, இந்த வருஷ ரிவ்யூவில்தான் எனக்கு உறைத்தது. 'கூட வேலை செய்ய ரொம்ப நைஸ்' என்று பாராட்டு இருந்தது. பதவி உயர்வு இல்லை. மீட்டிங்கில் குறிப்பெடுப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லித்தருவது, அடுத்தவரின் ஆன்-கால் ராத்திரியை வாங்கிக்கொள்வது, எல்லாம் நானே ஏற்றிக்கொண்டவை. யாரும் கேட்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில், "இனிமே குறிப்பை முறை வெச்சு எடுக்கலாமே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவர் "ஷ்யூர்" என்றார். அவ்வளவுதான், உலகம் இடிந்துவிடவில்லை.

மகளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: "எல்லார்கிட்டயும் நைஸா இரு. ஆனா ஊஞ்சல்ல உன் முறை வந்தா, நீ ஏறிக்கோ."

அடைக்கு மாவை இனி அம்மாவே அரைக்கிறாராம்.