புகார் மீது ஒரு புகார்

ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' (1988) தொடரில் சிலப்பதிகாரப் பகுதியை இன்று காணும் நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள்: நாடகமேடைத்தனமான காட்சியமைப்பு, இந்தி பேசும் கோவலன். சலிப்பு நியாயமே. ஆயினும் அத்தொடர் பிறக்கும்போதே மூப்புற்றிருந்தது. அதற்கு மூலமான நேருவின் நூல் 1944இல் சிறையில் எழுதப்பட்டது; பூம்புகாரை அடுத்த கீழையூரில் செங்கற் படகுத்துறை அகழ்ந்தெடுக்கப்பட்டதோ 1960களில்.

பெனகலை மட்டும் ஏசுவானேன்? 1973இல் பூம்புகாரில் கலைக்கூடம் எழுப்பி, சிற்பங்களில் கோவலன் கதையையே சொன்னோம் நாமும். மண்ணுக்கடியில் கிடைத்த துறைமுகம் நம் கற்பனையில் இன்னும் ஏறவில்லை. ஒட்டுமீசைக்குச் சிரிப்பவர்கள் ஒருமுறை கீழையூர் போய்வரட்டும். புகாரை இனி எடுப்பவர் அந்தச் செங்கல்லிலிருந்து தொடங்கட்டும். இல்லையேல் அவர் படமும் வெளியாகும் நாளிலேயே பழசுதான்.